கொடுத்ததாக எழுதிய இடம்

ஹட்டன். பேக்கரிக்கு மேல் மாடி.
இரவு பதினொன்று பத்துக்குச்
சம்பளச் சேர்வர் நின்றது.
செத்துப்போகவில்லை, நின்றது.
எழுதுகிற பேனாவைத்
தாளுக்கு ஒரு மயிரிழை மேலே
யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி.

விடிந்தால் ஆறு தோட்டத்துக்குச் சம்பளம்.

இந்த அறையில் இருப்பது ஒரே இரும்பு.
உள்ளே ஒன்பது சேர்வர்:
சம்பளம், கொழுந்து நிறை, ஸ்டோர்ஸ், மழைக் கணக்கு,
யாரும் பெயர் வைக்காத ஒன்று, இன்னும் சில.
ஒவ்வொன்றும் முழு வீடும் தனதென்று நம்புகிறது.
பக்கத்துக் காம்பரா இருமினால்
அதற்குக் கேட்காது.
எங்கள் லயத்தில் கேட்கும்.

ஹைப்பர்வைசருக்கு முகம் இல்லை.
இரும்பின்மேல் நேரே குந்திக்கொண்டு
நொடியைக் கீறு கீறாக வெட்டும்:
இந்தா உனக்கு, போதும், எழும்பு,
இந்தா உனக்கு.
ஒன்பதுக்கும் முழுப் பேர் விழும் செக்ரோலில்.

அவை வட்டு என்று நினைப்பது
வட்டு இல்லை, ஒரு கோப்பு.
எங்களிடம் இருப்பது நான்கு டெரா.
ஒன்பதுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்தது ஏழு.
பொய்யென்று சொல்லமுடியாது.
கேட்கக் கேட்கக் கொடுப்போம்.
எல்லாரும் ஒரே நாளில் கேட்கமாட்டார்கள்,
அதுதான் முழுத் திட்டமும்.

அப்பாவிடம் ஏழு பேர்ச்சுக்கு ஒரு கடதாசி இருக்கிறது,
பிளாஸ்டிக் உறை போட்டது.
வடக்கே ஓடை எல்லை என்று எழுதியிருக்கிறது.
எந்த ஓடை என்று இல்லை.

இன்றைக்குக் கேட்டுவிட்டார்கள்.
மிச்சம்: பூச்சியம்.

யார் தின்றது என்று தேடினேன்.
ஒரு ஸ்னாப்ஷாட். கீழே குறிப்பு:
“அப்டேட்டுக்கு முன். நாளைக்கு அழிப்பேன். மரியசூசை.”
இரண்டு வருடம், இரண்டு மாதம்.
மரியசூசை இப்போது தோஹாவில்.

ஸ்னாப்ஷாட் படம் பிடிப்பதில்லை.
பழைய பேரேட்டைப் பூட்டிவிட்டு
இனி வருவதையெல்லாம்
பக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதும்.
வாசிக்கும்போது முதலில் கொப்பி,
அதில் இல்லையென்றால் பேரேடு.
இரண்டு வருடத்தில் கொப்பி,
முதலைத் தாண்டிய வட்டி.

கொழும்பில் துமிந்தவை எழுப்பினேன்.
“அழித்துவிடு” என்றான், கொட்டாவியோடு.
அழி என்று எழுதிய பட்டன் அழிக்காது, சேர்க்கும்,
கொப்பியைப் பேரேட்டுக்குள், வரி வரியாக.
சேர்க்கவும் இடம் வேண்டும்.
இடம் இல்லாமல்தானே நிற்கிறோம்?

மனேஜருக்கு மெயில் போட்டேன், புது வட்டு வேண்டுமென்று.
விழித்திருந்தார் போல, உடனே பதில்:
அடுத்த காலாண்டில் ஒதுக்கப்பட்டுள்ளது.

பெயர் இல்லாத சேர்வரை அழித்தேன்.
ஒரு நிமிஷம் காத்திருந்தேன், எவராவது கத்துவார்களா என்று.
மழைக் கணக்கை நிறுத்தினேன்.
அது தன் ஞாபகத்துக்காகப் பிடித்துவைத்த பதினாறு கிகா
தரையில் விழுந்தது.
போதுமா? தெரியாது.
பட்டனை அமுக்கினேன்.

முப்பத்துநான்கு வீதம். முப்பத்தைந்து.
கீழே மா பிசையும் மெஷின் தொடங்கியது.
தகரத்தில் மழை அறைந்தது.
தொண்ணூற்றொன்பதில் நாற்பது நிமிஷம் நின்றது.
அந்த இடத்தில் கை வைத்தால் எல்லாம் போகும்.
கைகளைத் தொடைக்கடியில் போட்டு
அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

நாலு முப்பத்திரண்டு.
சம்பளச் சேர்வர் விழித்தது, பாதி வரியில்:
கீழ்ப்பிரிவு, புஷ்பகாந்தி,
பத்தொன்பது நாள், அரைப் பேர்…
மூன்று, என்று முடித்துவிட்டு
அடுத்த பெயருக்குப் போனது.
அதன் கடிகாரத்தில் இன்னும் பதினொன்று பத்து.
நின்றது அதற்குத் தெரியாது.
நேரத்தைத் திருத்தினேன்.
ஐந்தரை மணிநேரத்தை
ஒரு மறுப்பும் இல்லாமல் விழுங்கிக்கொண்டது.

கடைசியாக மழைக் கணக்கை எழுப்பினேன்.
வெளியே மல்லியப்பு சந்திப் பக்கம்
ரோட்டில் ஆறு ஓடியது,
பெரட்டுக்குப் போகிறவர்கள்
தலையில் உரச்சாக்கு மடித்துப் போட்டிருந்தார்கள்.
திரையில், நள்ளிரவு முதல் நாலரை வரை:
மழை இல்லை.